மூன்று கட்டங்களுக்கு நடுவே: ஒரு சிறிய நீர்வண்ண ஓவியத்தின் கதையை வாசிக்கும் வழி

கதை சொல்லும் ஓவியங்களின் முன்னால் நின்று, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திகைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படத்தில் யாரோ இருவர் இருக்கிறார்கள். ஏதோ நடந்திருக்கிறது, அல்லது நடக்கப்போகிறது. பக்கத்தில் ஓர் அட்டையில் தலைப்பும் ஆண்டும் இரண்டு வரி விளக்கமும் இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் முதலில் அட்டையைப் படிக்கிறோம், பிறகு அதில் சொன்னது படத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்கிறோம், நகர்ந்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பார்த்தேன். அதில் கதை தெரிந்துவிடும், படம் தெரியாது.

அசையாத படத்தில் பதற்றம் எப்படி வருகிறது என்பதுதான் இங்கே நமக்குள்ள கேள்வி. சில படங்களைப் பார்க்கும்போது, அடுத்த கணம் ஏதோ ஆகிவிடும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. படத்துக்குள்ளே இரண்டு பக்கமும் யாரோ கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் ஓர் இழுபறி. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கலைப்படிப்பு வேண்டியதில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அதே கவனத்தோடு, என்ன இல்லை என்றும் பார்க்கப் பழகினால் போதும். ஓவியர் வேண்டுமென்றே விட்ட இடத்தில்தான் பெரும்பாலும் அந்த இழுபறி இருக்கிறது.

பொதுவாகப் பேசினால் இது காற்றில் போய்விடும். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

படமும் பார்ப்பதற்கான ஏற்பாடும்

ஆங்கில ஓவியர் தாந்தே கேப்ரியல் ரோசெட்டி 1855இல் வரைந்த 'பவுலோவும் பிரான்செஸ்கா தா ரிமினியும்' என்ற நீர்வண்ண ஓவியம். லண்டனின் டேட் ஓவியக்கூடத் தொகுப்பில் இருக்கிறது. உயரம் 25.4 சென்டிமீட்டர், அகலம் 44.9 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஏ3 தாளின் அளவு. அதற்குள் மூன்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் விரித்த உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

இந்தச் சிறிய அளவு நமக்கு நல்ல வாய்ப்பு. பெரிய எண்ணெய் ஓவியத்தை வீட்டில் அதன் உண்மையான அளவில் பார்க்க முடியாது. இதைப் பார்க்கலாம். டேட் இணையதளத்தில் உள்ள படத்தை ஏ3 தாளில் வண்ணத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தின் மேற்பரப்பு அதில் வராது என்றாலும், உருவங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஏறக்குறைய உண்மையான அளவில் வந்துவிடும். கைப்பேசித் திரையில் மட்டும் பார்க்காதீர்கள். மூன்று கட்டங்களும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கி, முத்தமும் சுடர்களும் மட்டும் தெரியும். நடுக்கட்டம் வெறும் தடுப்புச் சுவர் போலாகிவிடும். நான் முதலில் கைப்பேசியில் பார்த்தபோது நடுவில் நிற்பவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படத்தின் உயிர் அவர்களிடம் இருக்கிறது என்று தெரிய அச்செடுத்த தாள் தேவைப்பட்டது.

லண்டனுக்கே போனாலும் மூலம் கண்ணில் படும் என்று உறுதியில்லை. காகிதத்தில் தீட்டிய நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதனால் அருங்காட்சியகங்கள் இத்தகைய படங்களுக்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவிலான மங்கிய ஒளியையே அனுமதிக்கின்றன. நீண்ட காலம் இருட்டில் பெட்டிக்குள் வைத்திருந்து, கொஞ்ச காலம் மட்டும் வெளியே எடுக்கின்றன. போவதாக இருந்தால், படம் சுவரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

அச்சைத் தவிர இரண்டு வெள்ளைத் தாள்கள், ஒரு பென்சில், ஒரு குறிப்பேடு, ஒரு கத்தரிக்கோல். அரை மணி நேரம்.

முதல் வேலை: பெயர் வைக்காமல் எழுதுவது

கதை என்னவென்று தேடாதீர்கள். தெரிந்திருந்தால் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

"காதலர்கள்" என்று எழுதாதீர்கள். "ஓர் ஆணும் பெண்ணும் அருகருகே உட்கார்ந்து முத்தமிடுகிறார்கள்" என்று எழுதுங்கள். "நரகம்" என்று எழுதாதீர்கள். "இருவர் ஒருவரையொருவர் தழுவியபடி மிதக்கிறார்கள், சுற்றிலும் சிறு சுடர்கள்" என்று எழுதுங்கள். பெயர் வைத்தவுடன் கண் ஓய்வெடுத்துக்கொள்ளும். வினைச்சொற்களை எழுதினால் கண் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இடது கட்டத்தில் அந்த இருவரின் மடிமீது பெரிய புத்தகம் ஒன்று விரிந்து கிடக்கிறது. ஒரே புத்தகம், இரண்டு மடி. பக்கங்களில் சித்திரங்கள் இருக்கின்றன. காலடியில் பறித்த சிவப்பு ரோஜா ஒன்று. நடுக்கட்டத்தில் இரண்டு ஆண்கள் நிற்கிறார்கள், எதையும் செய்யவில்லை, கவலையோடு பார்க்கிறார்கள். வலது கட்டத்தில் மிதக்கும் இருவர், இடது கட்டத்தில் பார்த்த அதே இருவர்.

இவ்வளவுதான் சரக்கு. இதில் ஏதாவது உங்கள் பட்டியலில் விடுபட்டிருந்தால், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எதைத் தவறவிட்டோம் என்பது, நம் கண் எதைத் தேடிப் போனது என்று காட்டிக்கொடுக்கும்.

கையும் கண்ணும்

இப்போது முகங்களை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு கையும் எதைப் பிடித்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதை ஓவியங்களில் முகம் சொல்லத் தயங்குவதைக் கை சொல்லிவிடும். பிறகு கண்கள். ஒவ்வொருவரும் எங்கே பார்க்கிறார் என்று பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள்.

இந்தப் படத்தில் அந்தக் கோடுகளைப் போட்டால் ஒன்று புலப்படும். முத்தமிடுபவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அவர்களுக்கு வெளியுலகமே இல்லை. தழுவி மிதப்பவர்களும் தங்களுக்குள்ளேயே சுருண்டிருக்கிறார்கள். பார்வை என்று ஒன்று வெளியே போவது நடுவில் நிற்பவர்களிடமிருந்துதான். அதுவும் வலப்பக்கம் மட்டும் போகிறது. இடது கட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

இல்லை, ஒருவர் பார்க்கிறார். படத்துக்கு வெளியே நிற்கும் நீங்கள்.

யாரும் காணாத அறையில் நடந்த முத்தத்தை நாம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதன் விளைவை எல்லோரும் பார்க்கிறார்கள். இழுபறியின் முதல் முடிச்சு இங்கே விழுகிறது.

மூடிப் பார்ப்பது

வெள்ளைத் தாளால் நடுக்கட்டத்தையும் வலது கட்டத்தையும் மூடுங்கள். மிஞ்சுவது ஓர் இனிய காட்சி. புத்தகம் படித்துக்கொண்டிருந்த இருவர், முத்தம், கீழே ஒரு பூ. வாழ்த்து அட்டையில்கூட அச்சடிக்கலாம்.

அடுத்து இடது கட்டத்தை மட்டும் மூடுங்கள். இப்போது தண்டனை இருக்கிறது, பார்த்து வருந்துபவர்கள் இருக்கிறார்கள், காரணம் தெரியவில்லை. மிதப்பவர்கள்மேல் இரக்கம் வரும், ஆனால் வலிக்காது.

மூன்றாவதாக நடுக்கட்டத்தை மட்டும் மூடுங்கள். இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். முத்தமும் தண்டனையும் பக்கத்துப் பக்கத்தில் வந்ததும் படம் ஒரு நீதிக்கதையாக இறுகிவிடுகிறது: இதைச் செய்தாய், இது கிடைத்தது. கண்டிப்பான உபதேசம். தாளை எடுங்கள். நடுவில் அந்த இருவர் திரும்பி வந்ததும் உபதேசம் கரைகிறது. தண்டனை அப்படியே இருக்கிறது, ஆனால் அதைச் சரியென்று ஏற்க முடியாமல் தவிக்கும் ஒரு மனமும் அங்கே நிற்கிறது. எந்தப் பகுதியை மூடினால் படம் சப்பென்று ஆகிறதோ, அந்தப் பகுதியில்தான் இழுபறியின் நடுப்புள்ளி இருக்கிறது. எந்தப் படத்துக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

இப்போது கதையைப் படியுங்கள்

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'இன்பெர்னோ' (நரகம்) என்ற காவியம், ஐந்தாம் காண்டம். நரகத்தின் இரண்டாம் வட்டம். காமத்துக்கு அறிவைப் பணயம் வைத்தவர்களை ஓயாத புயற்காற்று அங்கே அடித்துச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. கவிஞர் தாந்தே, வழிகாட்டியான பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலோடு வருகிறார். காற்றில் சேர்ந்தே மிதந்து வரும் இருவரைக் கண்டு அழைக்கிறார். புறாக்கள் கூட்டுக்கு வருவதுபோல் அவர்கள் வருகிறார்கள்.

பிரான்செஸ்கா, ரவென்னாவை ஆண்ட பொலெந்தா குடும்பத்துப் பெண். ரிமினியின் மலதெஸ்தா குடும்பத்து ஜியோவான்னிக்கு மணமுடிக்கப்பட்டவள். பவுலோ அவளுடைய கொழுந்தன். இருவரும் ஒருநாள் தனிமையில், ஆர்தர் மன்னனின் வீரனான லான்சலாட்டின் காதல் கதையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்தரின் மனைவியான அரசி கினிவியருக்கும் லான்சலாட்டுக்கும் நடந்த முத்தத்தைப் பற்றிப் படித்தபோது, பவுலோ உடலெல்லாம் நடுங்க அவளை முத்தமிட்டான். "அன்று அதற்குமேல் நாங்கள் படிக்கவில்லை" என்று முடிக்கிறாள் பிரான்செஸ்கா. கணவன் இருவரையும் கொன்றுவிட்டான். அவள் பேசப் பேசப் பவுலோ அழுதுகொண்டே இருக்கிறான். ஒரு சொல்லும் பேசுவதில்லை. கேட்ட தாந்தே, பிணம் விழுவதுபோல் மயங்கி விழுகிறார்.

இதைப் படித்தபின் படத்துக்குத் திரும்புங்கள். குறிப்பேட்டில் நீங்கள் எழுதியவை ஒவ்வொன்றும் வேறாகத் தெரியும். நடுவில் நிற்கும் இருவர் தாந்தேயும் வர்ஜிலும். மடியில் விரிந்த புத்தகம் இப்போது வெறும் புத்தகம் அல்ல; அதன் சித்திரங்களில் லான்சலாட்டும் கினிவியரும் இருக்கிறார்கள். படித்ததை இவர்கள் செய்கிறார்கள். புத்தகம் மூடப்படவும் இல்லை, அடுத்த பக்கம் திருப்பப்படவும் இல்லை. அந்தக் காதல் எப்படி முடிந்தது என்பது, அவர்கள் படிக்காமல் விட்ட பக்கங்களில் இருக்கிறது.

கொலை எங்கே?

இங்கே கொஞ்சம் நிற்போம். கதையில் நடக்கும் மிகப் பெரிய சம்பவம் எது? கொலை. கணவன் வருகிறான், இருவர் சாகிறார்கள். நாடகம் போட்டால் அதுதான் உச்சக் காட்சி. ரோசெட்டி அதை வரையவில்லை. கணவனின் நிழல்கூட அங்கே இல்லை.

இதே கதையைப் பிரெஞ்சு ஓவியர் ஆங்கிரெ 1819இல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். அதில் பவுலோ முத்தமிடச் சாய்கிறான், பிரான்செஸ்காவின் கையிலிருந்து புத்தகம் நழுவுகிறது, பின்னால் திரையை விலக்கிக்கொண்டு வாளோடு கணவன் வருகிறான். நல்ல படம்தான். பதற்றமும் இருக்கிறது. ஆனால் அது ஒரே வகைப் பதற்றம்: வாள் எப்போது விழும்? பார்ப்பவருக்குத் தெரிந்தது காதலர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

ரோசெட்டியிடம் வாள் இல்லாததால், அது எங்கே போயிற்று என்று நாம் தேட வேண்டியிருக்கிறது. இடது கட்டத்தில் உயிரோடு இருப்பவர்கள் வலது கட்டத்தில் ஆவிகளாக இருக்கிறார்கள். அப்படியானால் சாவு இரண்டுக்கும் நடுவில் நடந்தாக வேண்டும். நடுவில் இருப்பது என்ன? வருந்தி நிற்கும் இருவர். கொலை நிகழ வேண்டிய இடத்தில் ஓவியர் இரக்கத்தை நிறுத்தியிருக்கிறார். படத்தின் கருத்தே இதுதான் என்று நான் நம்புகிறேன். வன்முறையைக் காட்டியிருந்தால் நாம் கணவன்மேல் கோபப்பட்டு அமைதியடைந்திருப்போம். அதற்கு இடம் தராமல், நேராகக் காரணத்திலிருந்து விளைவுக்குத் தாவவைத்து, நடுவில் "ஐயோ" என்று ஒரு பெருமூச்சை வைத்துவிட்டார்.

"ஐயோ" என்பது நானாகச் சொன்னதல்ல. படத்திலேயே எழுதியிருக்கிறது.

படத்தில் உள்ள எழுத்தை எழுவாயும் பயனிலையுமாகப் பாருங்கள்

ரோசெட்டி தாந்தேயின் ஒரே வாக்கியத்தை மூன்றாக உடைத்து மூன்று கட்டங்களுக்கும் பகிர்ந்தளித்திருக்கிறார். நடுக்கட்டத்துக்கு "ஓ லாஸ்ஸோ", அதாவது "ஐயோ". இடது கட்டத்துக்கு "எத்தனை இனிய நினைவுகள், எவ்வளவு ஏக்கம்". வலது கட்டத்துக்கு "இவர்களைத் துயரம் நிறைந்த அந்த வாசலுக்குக் கொண்டு சேர்த்தன".

காவியத்தில் இந்த வாக்கியம் "ஐயோ" என்றுதான் தொடங்குகிறது. ஆக, கண் இடமிருந்து வலமாகப் போகிறது. வாக்கியமோ நடுவில் தொடங்கி, இடப்பக்கம் போய், பிறகு படத்தைக் குறுக்கே கடந்து வலப்பக்கம் வந்து முடிகிறது. இரண்டு வாசிப்பும் ஒன்றுக்கொன்று குறுக்கே போகின்றன. படத்தைப் படமாகப் பார்த்தால் கதை காலவரிசையில் நடக்கிறது. வாக்கியமாகப் படித்தால் எல்லாமே நடுவில் நிற்கும் தாந்தேயின் மனத்துக்குள் நடக்கிறது: அவர் பெருமூச்சு விடுகிறார், பின்னோக்கி நினைக்கிறார், எதிரே பார்க்கிறார்.

இன்னொன்று. இடது கட்டத்துக்குக் கிடைத்த துண்டில் வினைச்சொல் இல்லை. நினைவும் ஏக்கமும் எழுவாயாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. "கொண்டு சேர்த்தன" என்ற வினை வலது கட்டத்தில்தான் வருகிறது. தமிழ் படிக்கும் நமக்கு வினைக்காகக் காத்திருப்பது பழக்கம்தான். வாக்கியம் எங்கே போய் விழும் என்று தெரியாமல் கடைசிச் சொல்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறோமே, முத்தமிடும் இருவரும் அந்த நிலையில் இருக்கிறார்கள். வாக்கியத்தின் வினை அவர்களுக்கு இன்னும் வரவில்லை. நமக்கு வந்துவிட்டது.

எழுத்து உள்ள படங்களில் அதை வெறும் தலைப்பாக எண்ணிக் கடந்துபோகாதீர்கள். எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கத்தரிக்கோல்

அச்சை மூன்றாக வெட்டுங்கள். இப்போது முத்தக் காட்சியை நடுவில் வையுங்கள், தாந்தேயும் வர்ஜிலும் இடப்பக்கம், ஆவிகள் வலப்பக்கம். இது வெறும் விளையாட்டல்ல. 1849 நவம்பரில் ரோசெட்டி இந்தப் படத்தை முதலில் திட்டமிட்டபோது இருந்த வரிசை ஏறக்குறைய இதுதான்: நடுவில் முத்தம்.

பாருங்கள், என்ன ஆகிறது என்று. ஐரோப்பியத் தேவாலயப் பலிபீடங்களில் மூன்று பலகைகளாக மடியும் ஓவியங்கள் உண்டு. அவற்றில் நடுப்பலகை கடவுளுக்கோ தேவமாதாவுக்கோ உரிய இடம். அங்கே முத்தத்தை வைத்தால் முத்தம் வழிபாட்டுப் பொருளாகிவிடுகிறது. பக்கக் காட்சிகள் அதற்குத் துணைக்கு வந்தவை ஆகின்றன. 1855இல் அதை ஓரத்துக்குத் தள்ளியதும் முத்தம் ஒரு தொடக்கமாக மாறிவிட்டது. தொடக்கம் என்றால் முடிவு உண்டு. வரிசையை மாற்றியதிலேயே ஒரு காதல் படம் துயரப் படமாகியிருக்கிறது. உருவங்களைத் திருத்தியதைவிட இது பெரிய திருத்தம் என்பது என் எண்ணம்.

ஒற்றைக் காட்சி கொண்ட படமாக இருந்தால் வெட்டத் தேவையில்லை. ஓரங்களில் தாள் வைத்துக் குறுக்கிப் பாருங்கள். ஓர் ஓரத்தை மறைத்ததும் உருவங்களுக்கு நடுவே இருந்த இறுக்கம் தளர்ந்தால், அந்த ஓரத்தில் இருந்த ஏதோ ஒன்று அவர்களை நெருக்கிக்கொண்டிருந்தது என்று பொருள்.

ரோஜாவைப் பற்றிக் கொஞ்சமாக

புதியவர்கள் பலர் நேராகக் குறியீடுகளுக்குப் போய்விடுகிறார்கள். ரோஜா என்றால் காதல், பாம்பு என்றால் சோதனை, நாய் என்றால் விசுவாசம் என்று பட்டியலை மனப்பாடம் செய்து ஒட்டுகிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு தள்ளி வைத்தேன். அகப்பாடல்களில் உள்ளுறை படித்தவர்களுக்கு இது புதிதல்ல: வண்டு பூவில் தேன் குடித்துவிட்டுப் போனால், அந்த வண்டு என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம், வண்டு என்ற பெயர் அல்ல. இங்கேயும் ரோஜா என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். செடியில் இல்லை. கையில் இல்லை. கூந்தலில் இல்லை. பறிக்கப்பட்டு, தரையில், காலடியில். பறிப்பதும் விடுவதும் நடந்து முடிந்துவிட்டன. வாடுவது மட்டும் பாக்கி.

சுடர்களையும் அப்படியே கேளுங்கள். காவியத்தின் இரண்டாம் வட்டத்தில் இருப்பது காற்று. ரோசெட்டி அங்கே சுடர்களையும் தூவியிருக்கிறார். மூலக் கதையிலிருந்து ஓவியர் எங்கே விலகுகிறாரோ அங்கே கோடிட்டுக்கொள்ளுங்கள். அது மறதியாக இருப்பது அபூர்வம். காற்றை வரைய முடியாது, அது தூக்கிச் செல்வதை மட்டுமே வரைய முடியும். சுடர்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் வேறு காரணம் கண்டால் அதையும் எழுதி வையுங்கள்.

நீர்வண்ணம் என்பதால் என்ன வேறுபாடு?

நீர்வண்ணம் என்றதும் தண்ணீர் பரவிய மெல்லிய வானம், ஆற்றங்கரை என்று நினைப்போம். ரோசெட்டியின் 1850களின் நீர்வண்ணங்கள் அப்படி இல்லை. தண்ணீரைக் குறைத்து, கெட்டியான வண்ணத்தை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தேய்த்தும் சிறு கோடுகளாக அடுக்கியும் தீட்டுவார். பழைய கையெழுத்துப் பிரதிகளின் சித்திரப் பக்கங்களைப் போல் இருக்கும். படத்துக்குள் இருக்கும் சித்திரப் புத்தகமும், அந்தப் படமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல் தெரிவது இதனால்தான். புத்தகத்தைப் பார்த்து இவர்கள் தவறினார்கள். புத்தகப் பக்கம் போன்ற ஒன்றைக் கையருகே வைத்துக்கொண்டு நாம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அளவும் இதற்குத் துணைபோகிறது. ஒரே நேரத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவர்தான் இதன் முன் நெருங்கி நிற்க முடியும். கூட்டத்தோடு பார்க்கும் படம் அல்ல. தனிமையில் இருவர் படித்ததைத் தனிமையில் படிக்க வைக்கிறது.

ஓவியரின் வாழ்க்கை: கடைசியில், அளவோடு

ரோசெட்டியின் தந்தை இத்தாலியிலிருந்து லண்டனுக்கு வந்த அரசியல் அகதி, தாந்தே ஆய்வாளர். மகனுக்குத் தாந்தேயின் பெயரையே சூட்டினார். 1848இல் நண்பர்களோடு சேர்ந்து 'பிரீ ராபலைட்' என்ற ஓவியர் குழுவைத் தொடங்கியபோது மகனுக்கு இருபது வயது. இந்தப் படத்தை 1855இல் ஒரே வாரத்தில் முடித்திருக்கிறார். அவர் நேசித்த எலிசபெத் சிடல், அவரும் ஓவியர், பாரிசில் பணமில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். விமர்சகர் ஜான் ரஸ்கின் படத்துக்கு 35 கினி (அக்காலப் பிரிட்டிஷ் பணம்) கொடுத்தார். அந்தப் பணத்தோடு ரோசெட்டி பாரிசுக்கு ஓடினார்.

அழகான செய்தி. ஆனால் இதையே சாவியாக எடுத்துக்கொண்டு, முத்தமிடும் பெண் சிடல், ஆண் ரோசெட்டி என்று பூட்டைத் திறந்துவிடாதீர்கள். இருவரும் 1860இல் மணந்துகொண்டதும், 1862இல் சிடல் அபின் மருந்தால் இறந்ததும் நமக்குத் தெரியும். 1855இல் தூரிகை பிடித்த கைக்குத் தெரியாது. பின்னால் நடந்ததை முன்னால் வரைந்த படத்தில் ஏற்றுவது புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஒரு வாரத்தில் முடிந்தது என்ற செய்தியிலும் கவனம் வேண்டும்: கை வேலை ஒரு வாரம், யோசனை ஆறு ஆண்டு.

இனி நீங்களே

பயிற்சிக்கு இரண்டு படங்கள் சொல்கிறேன்.

முதலாவது, அதே ரோசெட்டியின் 'ஆர்தரின் கல்லறை'. 1855இல் ஒரு முறை வரைந்தார். 1860இல் மீண்டும் வரைந்தது டேட்டில் இருக்கிறது, 23.5க்கு 36.8 சென்டிமீட்டர். பவுலோவின் மடியில் விரிந்து கிடந்த புத்தகத்தின் அதே இருவர்தான் இதிலும். அங்கே அவர்களின் முதல் முத்தம்; இங்கே கடைசிச் சந்திப்பு. ஆர்தர் இறந்துவிட்டார். கினிவியர் துறவியாகிவிட்டார். ஆர்தரின் சிலை படுத்திருக்கும் கல்லறைமேல் குனிந்து லான்சலாட் முத்தம் கேட்கிறான். அவள் கையை உயர்த்தித் தடுக்கிறாள். மேலே ஆப்பிள் மரம் தாழ்ந்து கவிழ்ந்திருக்கிறது. இதில் ஒரே ஒரு வேலை செய்தால் போதும்: அவன் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து பாருங்கள். பிறகு அந்த இடைவெளிக்குக் கீழே படுத்திருப்பது யார் என்று பாருங்கள். பவுலோ படத்தில் கணவன் எங்கும் இல்லை. இங்கே கணவன் கல்லாக நடுவிலேயே கிடக்கிறான்.

இரண்டாவது, அயர்லாந்து ஓவியர் பிரடெரிக் வில்லியம் பர்ட்டன் 1864இல் வரைந்த 'கோபுரப் படிக்கட்டில் சந்திப்பு'. 95.5க்கு 60.8 சென்டிமீட்டர், முந்தையவற்றைவிடப் பெரியது. டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மார்கரெட் ஸ்டோக்ஸ் தம் உயிலில் எழுதிவைத்து 1900இல் அங்கே சேர்ந்தது. ஒளி படக்கூடாது என்பதால் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே அதன் மூடியைத் திறக்கிறார்கள். 2012இல் அயர்லாந்து மக்கள் தங்களுக்கு மிகப் பிடித்த ஓவியமாக அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

நீல உடை அணிந்த பெண், இரும்பு வளையக் கவசம் அணிந்த வீரன், குறுகலான கல் படிக்கட்டு. அவன் அவளுடைய கையைப் பற்றி அதில் முகம் புதைத்திருக்கிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். கண்கள் சந்திக்கவில்லை. இதன் பின்னணி ஒரு டேனிஷ் கதைப்பாடல். அதில் சண்டை உண்டு, தந்தை உண்டு, ஏழு சகோதரர்கள் உண்டு, நிறைய ரத்தம் உண்டு. பர்ட்டன் அதில் எதையும் வரையாமல் படிக்கட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அந்தக் கதைப்பாடலை இப்போதே தேடிப் படித்துவிடாதீர்கள். முதலில் கைகளைப் பாருங்கள், காலடியில் உள்ள படியைப் பாருங்கள், இருவரில் யார் முதலில் விலகப்போகிறார் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அதன்பின் படியுங்கள்.